சாத்தியின் ஆரம்பகாலப் பியானோ இசை: ஒற்றை மெலடியைக் கேட்கவும் வாசிக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாத்தி 1886-இலிருந்து 1890-களின் தொடக்கம் வரை பியானோவுக்காக எழுதிய சிறு இசைத்துண்டுகளை, குறிப்பாக ‘ஜிம்னோபெதி’ முதல் எண்ணை, பியானோ கற்கத் தொடங்கிய ஓராண்டுக்குள் பலரும் வாசித்துவிடுகிறார்கள். ஸ்வரங்கள் குறைவு, வேகம் மெதுவானது, விரல்கள் சிக்கிக்கொள்ளும் இடம் எதுவும் இல்லை. அதனால் அது எளிய பாடம் என்ற எண்ணம் பரவிவிட்டது. நானும் அப்படி நம்பி ஒரு வாரத்தில் அதை முடித்துவிட்டு, கைபேசியில் பதிவு செய்து கேட்டபோதுதான், ஸ்வரங்கள் எல்லாம் சரியாக இருந்தும் மெலடி என்று ஒன்று அதில் இல்லவே இல்லை என்பதைக் கண்டேன். வேகமும் ஒலியளவும் அலங்காரமும் துணைக்கு வராத இடத்தில் ஒரே ஒரு மெலடியைத் தொய்யாமல் கொண்டுசெல்வதுதான் இந்த இசை கேட்கும் திறமை. அதை எந்த வரிசையில் பழகினால் கைகூடும் என்பதை இங்கே எழுதுகிறேன். இரண்டு கைகளுக்கான இசைத்தாளை மெதுவாகவாவது படிக்கத் தெரிந்திருந்தால் போதும். அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறும் கட்டைகளும், வலது பெடலும் உள்ள கருவி வேண்டும். பெடல் இல்லாத சிறிய கீபோர்டில் இந்த இசை உயிர் பெறாது.

இந்த மெலடி எங்கிருந்து வந்தது

சாத்தி 1866 மே 17 அன்று நார்மண்டிக் கடற்கரையில் உள்ள ஓன்ஃப்ளோர் என்னும் துறைமுக ஊரில் பிறந்தார். 1874-இலிருந்து அந்த ஊர்த் தேவாலய ஆர்கன் கலைஞர் வினோவிடம் பாடம் கற்றார். கிரெகோரியன் பாடல் என்று அழைக்கப்படும் பழைய தேவாலயப் பாட்டு முறை அவர் காதில் ஏறியது அப்போதுதான். பக்கவாத்தியம் இல்லாமல், தட்டும் தாளம் இல்லாமல், ஒற்றை மெலடியாகவே பாடப்படும் இசை அது. 1879-இல் பாரிஸ் கான்சர்வத்துவார் என்னும் இசைக் கல்விக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குச் சோம்பேறி மாணவர் என்ற பெயர்தான் கிடைத்தது. 1882-இல் வெளியேற்றப்பட்டு, 1885-இல் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். பிறகு சில மாதங்கள் ராணுவ சேவை, அதைத் தொடர்ந்து மோன்மார்த்ர் மலைப்பகுதியில் ‘கறுப்புப் பூனை’ கேளிக்கை விடுதியைச் சுற்றிய வாழ்க்கை. கல்விக்கூடம் சொல்லித்தந்த இலக்கணத்தைவிட ஓன்ஃப்ளோர் தேவாலயத்தில் கேட்டதே அவருடைய ஆரம்ப மெலடிகளில் அதிகம் ஒலிக்கிறது என்பது என் கருத்து. அதனால்தான் பாடத்தை ஜிம்னோபெதியிலிருந்து தொடங்காமல் அதற்கு முந்தைய ஒன்றிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

முதல் படி: ‘ஓஜீவ்’களைக் கேளுங்கள்

ஓஜீவ் என்பது கோதிக் தேவாலயங்களின் கூர்நுனி வளைவைக் குறிக்கும் சொல். அந்தப் பெயரில் நான்கு துண்டுகளை ஜிம்னோபெதிக்கு முன்பே எழுதிய சாத்தி, 1889-இல் அவற்றை வெளியிட்டார். அவற்றில் பார்க் கோடுகள், அதாவது தாளத்தை ‘பார்’ என்னும் சம அளவுகளாகப் பிரிக்கும் செங்குத்துக் கோடுகள், கிடையாது. ஒவ்வொன்றின் அமைப்பும் ஏறக்குறைய ஒன்றே: ஒரு மெலடி முதலில் எந்தக் கார்டும் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் பல ஸ்வரங்கள்) இல்லாமல் எட்டுஸ்வர இடைவெளியில் தனியாக ஒலிக்கும். பிறகு அதே மெலடி மிக உரத்த கார்டுகளோடு, அடுத்து மிக மெல்லிய ஒலியில், மறுபடி உரத்து என்று வரும். மெலடி வளர்வதில்லை, உடைபடுவதில்லை, வேறொன்றாக மாறுவதுமில்லை. ஒரே சிலையின் மேல் வேறு வேறு நேரத்து வெளிச்சம் படுவதைப் போல ஒலியின் அடர்த்தி மட்டுமே மாறுகிறது.

முதல் ஓஜீவின் தொடக்க வரியை மட்டும், அந்தக் கார்டு இல்லாத பகுதியை மட்டும், வலது கையால் வாசித்துப் பாருங்கள். எந்த ஸ்வரத்தையும் அழுத்திக் காட்டாமல், ஒரே மூச்சில் பாடுவதைப் போல அந்த வரி போய்ச் சேர வேண்டும். இதற்கு இரண்டு மூன்று நாள் செலவிட்டாலும் வீணில்லை. அங்கே பழகும் கையின் சமநிலைதான் பின்னால் ஜிம்னோபெதியில் உங்களைக் காப்பாற்றும்.

இரண்டாம் படி: பத்து ஸ்வரங்களைப் பாடுங்கள்

இப்போது ஜிம்னோபெதி முதல் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பண்டைய ஸ்பார்ட்டாவில் இளைஞர்கள் ஆடையின்றி ஆடிய ஒரு விழாவின் பெயரிலிருந்து இந்தத் தலைப்பு வந்தது. 1888-இல் எழுதப்பட்ட மூன்று துண்டுகளில் இது முதலாவது; அதே ஆண்டில் ஒரு பாரிஸ் இசை இதழில் வெளியானது. மூன்று பீட் கொண்ட பார்கள் 78. டி மேஜருக்குரிய இரண்டு ஷார்ப்புகள். தொடக்கத்தில் ‘மெதுவாக, வேதனையோடு’ என்ற குறிப்பு இருக்கும்.

முதல் நான்கு பார்கள் இடது கைக்கு உரியவை. ஐந்தாவது பாரில் மெலடி நுழைகிறது. முதல் பீட் மௌனம். பிறகு எஃப் ஷார்ப், ஏ. அடுத்த பாரில் ஜி, எஃப் ஷார்ப், சி ஷார்ப். அதற்கடுத்து பி, சி ஷார்ப், டி. பிறகு ஒரு பார் முழுவதும் ஏ. கடைசியாகக் கீழே இறங்கி எஃப் ஷார்ப். மொத்தம் பத்து ஸ்வரங்கள். பியானோவைத் தொடாமல் இந்தப் பத்தையும் பாடுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் சுருதிக்கு ஏற்றபடி தாழ்த்திக்கொள்ளலாம்.

பாடும்போது சில விஷயங்கள் தாமாகப் புலப்படும். மெலடி பாரின் முதல் பீட்டில் தொடங்காததால், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒன்றுக்குள் அது சத்தமில்லாமல் வந்து சேர்வதைப் போல இருக்கிறது. இரண்டாவது ஸ்வரமான ஏதான் முழுத் தொடரின் உச்சம். அதன் பிறகு மொத்தமும் இறக்கம். மேல் எஃப் ஷார்ப்பில் தொடங்கி, சரியாக ஓர் எட்டுஸ்வரம் கீழே உள்ள எஃப் ஷார்ப்பில் முடிகிறது. இறங்கும் வழியில் பி, சி ஷார்ப், டி என்று மூன்று ஸ்வரங்கள் மட்டும் ஏறப் பார்க்கின்றன, பிறகு விட்டுவிடுகின்றன. அந்தச் சின்ன ஏற்றத்தில்தான் தொடரின் மனம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதை உரத்து வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. அவசரமாகக் கடந்துவிடாமல் இருந்தாலே போதும்.

இந்தத் துண்டு முழுவதிலும் கால் நோட்டை விடச் சிறிய நோட்டு ஒன்றுகூட இல்லை. அலங்காரமோ ஓட்டமோ கிடையாது. ஒவ்வொரு ஸ்வரமும் தனியாக நின்று தன் எடையைத் தாங்க வேண்டும். பாடும்போது எந்த இடத்தில் மூச்சு வாங்கத் தோன்றுகிறதோ அங்கே இசைத்தாளில் பென்சிலால் சிறு குறி போடுங்கள். பெரும்பாலோருக்கு அது நீண்ட எஃப் ஷார்ப்புக்குப் பிறகுதான் விழும். அதற்கு முன்னால் விழுந்தால் நீங்கள் தேவைக்கு மேல் மெதுவாகப் போகிறீர்கள் என்று பொருள்.

மூன்றாம் படி: இடது கையின் ஊசல்

இடது கை ஏறக்குறைய ஒவ்வொரு பாரிலும் முதல் பீட்டில் ஓர் ஆழ்ந்த பாஸ் ஸ்வரத்தையும், இரண்டாவது பீட்டில் ஒரு கார்டையும் வாசிக்கிறது. தொடக்கத்தில் ஜி பாஸின் மேல் பி, டி, எஃப் ஷார்ப். அடுத்த பாரில் டி பாஸின் மேல் ஏ, சி ஷார்ப், எஃப் ஷார்ப். இந்த இரண்டும் மாறி மாறி வருகின்றன. இரண்டுமே மேஜர் செவன்த் கார்டுகள். அக்காலத்து இலக்கணப்படி இப்படிப்பட்ட கார்டில் உள்ள ஏழாம் ஸ்வரம் ஒரு உரசல். அது அடுத்த கார்டில் தணிந்தாக வேண்டும். சாத்தி தணிக்கவில்லை. ஒரு உரசலிலிருந்து இன்னொரு உரசலுக்குப் போய், திரும்பி வருகிறார். எங்கும் போய்ச் சேர வேண்டிய கட்டாயம் இல்லாததால் இந்தக் கார்டுகள் மெலடியை முன்னே தள்ளுவதில்லை. ஊஞ்சலைப் போல ஆடிக்கொண்டிருக்கின்றன. மெலடி தன் போக்கில் போக முடிவது இதனால்தான்.

பாஸை விட்டுவிட்டு, முதலில் கார்டுகளை மட்டும் வாசியுங்கள். எஃப் ஷார்ப் இரண்டுக்கும் பொது. அந்த விரல் அங்கேயே இருக்கிறது. பி ஒரு முழுச் சுரம் இறங்கி ஏ ஆகிறது. டி அரைச் சுரம் இறங்கி சி ஷார்ப் ஆகிறது. அசைவது இரண்டே விரல்கள். இந்தச் சிறிய அசைவைக் கை உணர்ந்த பிறகு பாஸைச் சேருங்கள். பாஸிலிருந்து கார்டுக்குத் தாவும்போது கையை உயரத் தூக்கி விழவிடாதீர்கள். கட்டைகளை ஒட்டியபடி பக்கவாட்டில் நகர்த்தி, கார்டின் கட்டைகளைத் தொட்ட பிறகு அழுத்துங்கள். அப்படிச் செய்தால்தான் இரண்டாவது பீட் குத்தாமல் இருக்கும். தொடக்கத்தில் உள்ள ‘மிக மெல்லிய’ என்ற ஒலிக்குறியைக் காப்பாற்ற இது ஒன்றே வழி.

நான்காம் படி: இரு கைகளும், அந்த எஃப் ஷார்ப்பும்

கைகளைச் சேர்க்கும்போது மெலடி கேட்க வேண்டும் என்பதற்காக வலது கையை உரக்க வாசிப்பது இயல்பாக வரும் தவறு. வலது கையை இருந்தபடி விட்டு, இடது கையைக் குறையுங்கள். கார்டை ஒலிக்காமல், கட்டைகளைத் தொட்டு மட்டும் வைத்தபடி மெலடியை வாசிப்பது நல்ல பயிற்சி. இரண்டு மூன்று முறை அப்படி வாசித்துவிட்டுக் கார்டுகளை மிக மெல்லியதாகத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

மெலடியின் கடைசி எஃப் ஷார்ப் ஒன்பதாவது பாரிலிருந்து பன்னிரண்டாவது பார் வரை நீள்கிறது. பன்னிரண்டு பீட். நிமிடத்துக்கு 72 பீட் என்ற வேகத்தில் அது பத்து விநாடி. பியானோவின் ஒலி தட்டிய கணத்திலிருந்து தேயத் தொடங்குவதால், பத்து விநாடி ஒரு ஸ்வரத்தைத் தாங்குவது கடினம். பழைய நிமிர்ந்த பியானோ ஒன்றில் பழகியபோது மூன்றாவது பாரிலேயே அது காற்றில் கரைந்துபோனது. என்ன செய்வதென்று தெரியாமல் அதை ஓங்கி அடித்துப் பார்த்தேன். தொடர் முழுவதும் கெட்டது. பிறகுதான் இடது கையைக் கவனித்தேன். தொடக்கம் முதல் இரண்டு கார்டுகளின் உச்சியிலும் இருந்த அந்தப் பொது எஃப் ஷார்ப்பும், மெலடி இறங்கி வந்து சேர்ந்த எஃப் ஷார்ப்பும் ஒன்றே. மெலடி அங்கே முடிவதில்லை; கார்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே அதை வலுவாக அடிக்க வேண்டாம். முந்தைய ஏயை விடச் சற்றே மெல்ல வாசித்து, கார்டுகள் வரும்போது அவற்றின் மேல் ஸ்வரத்துக்கு மட்டும் ஒரு சிறு கனம் கொடுங்கள். ஸ்வரம் தொடர்ந்து ஒலிப்பதாகவே காது நம்பும். இந்த நான்கு பார்களைச் சரியாக வாசித்துவிட்டால் மீதித் துண்டுக்கு வேண்டியதைப் பெரும்பாலும் கற்றுவிட்டீர்கள்.

ஐந்தாம் படி: பெடலும் வேகமும்

பெடலை ஒவ்வொரு பாருக்கும் மாற்றுங்கள். பாஸ் ஸ்வரத்தை அழுத்திய பிறகு, அதோடு சேர்ந்து அல்ல, பெடலை விட்டு மறுபடி பிடிக்க வேண்டும். முன்கூட்டி விட்டால் மெலடி அறுந்துபோகும். மாற்றாமலே விட்டால் ஜி பாஸும் டி பாஸும் குழம்பிக் கார்டுகளின் உரசல் சேறாகிவிடும்.

வேகத்துக்கு 66-க்கும் 76-க்கும் இடையில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்து, கடைசி வரை அதில் நில்லுங்கள். 72-இல் வாசித்தால் முழுத் துண்டும் சுமார் மூன்றேகால் நிமிடம் வரும். ‘வேதனையோடு’ என்ற சொல்லைப் பார்த்ததும் ஒவ்வொரு தொடரின் முடிவிலும் தயங்கி, இழுத்து, பெருமூச்சு விடுவதைப் போல வாசிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த மெலடியின் துயரம் அதன் சமநடையில் இருக்கிறது. தயங்கினால் வாசிப்பவரின் துயரம்தான் கேட்கும், மெலடியினுடையது மறைந்துவிடும். வேகத்தைத் தட்டிக் காட்டும் கருவியான மெட்ரோனோமை வைத்துக்கொண்டு பத்து நாள் வாசித்துவிட்டு, பிறகு அதை எடுத்துவிடுங்கள்.

துண்டின் இரண்டு பாதிகளும் ஏறக்குறைய ஒரே பொருளைச் சொல்கின்றன. முதல் பாதி டி மேஜரில் அமைதியாக முடிகிறது. இரண்டாவது பாதியின் கடைசியில் எஃப் ஷார்ப்புக்குப் பதிலாக எஃப் இயல்பு (ஷார்ப் இல்லாத எஃப்) நுழைந்து, முடிவு டி மைனரில் விழுகிறது. தொடக்கத்திலிருந்து எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்த அந்த ஒரே ஸ்வரம் அரைச் சுரம் இறங்கிவிடுகிறது. முன்னறிவிப்பாக எதையும் மெதுவாக்காதீர்கள், உரத்தும் வாசிக்காதீர்கள். கேட்பவருக்கு என்ன மாறியது என்று தெரியாமலே வெளிச்சம் குறைய வேண்டும்.

மற்ற இரண்டு ஜிம்னோபெதிகள்

இரண்டாவதற்கு ‘மெதுவாக, துயரத்தோடு’ என்றும் மூன்றாவதற்கு ‘மெதுவாக, கனத்துடன்’ என்றும் குறிப்புகள் உண்டு. அதே ஊசல், அதே மூன்று பீட். மெலடி மட்டும் வேறு. மூன்றையும் சாத்தி ஒரே சிற்பத்தைச் சுற்றி வந்து பார்ப்பதைப் போல எழுதியிருப்பதால், முதலாவது கைவந்தவருக்கு மற்றவற்றுக்குத் தனிப் பாடம் தேவையில்லை. இசையமைப்பாளர் டெபுஸ்ஸி முதலாவதையும் மூன்றாவதையும் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி அமைத்தார். 1897-இல் பாரிஸில் அவை அரங்கேறின. இரண்டாவதை அவர் தொடவில்லை. அந்த ஆர்கெஸ்ட்ரா வடிவத்தை ஒருமுறை கேட்டுவிட்டுப் பியானோவுக்குத் திரும்புங்கள். நீண்ட ஸ்வரங்களை ஊதுகருவியும் வயலினும் எப்படித் தாங்குகின்றன என்பதைக் காது நினைவில் வைத்துக்கொண்டால் விரல் அதைத் தேடத் தொடங்கும்.

ஆறாம் படி: பார்க் கோடு இல்லாத ‘க்னோசியென்’

இங்கே வேறொரு சாத்தியைச் சந்திக்கிறோம். 1890-ஐ ஒட்டி எழுதப்பட்டு 1893-இல் வெளியான முதல் மூன்று க்னோசியென்களில் பார்க் கோடு இல்லை. க்னோசியென் என்ற சொல்லே அவர் உருவாக்கியது. கிரேக்கத் தீவான கிரீட்டின் க்னோசஸ் நகரத்தோடு அதைத் தொடர்புபடுத்துவோர் உண்டு.

முதல் க்னோசியெனில் இடது கை எஃப் மைனர் கார்டிலேயே நெடுநேரம் இருக்கிறது. இடையிடையே பி ஃபிளாட் மைனருக்கும் சி மைனருக்கும் போய்வருகிறது. மெலடியோ ஜிம்னோபெதியைப் போல நேராக நடப்பதில்லை. குறுநோட்டுகள் ஸ்வரங்களின் மேல் ஒட்டிக்கொண்டு வருகின்றன. எஃப் மைனரில் பி ஃபிளாட் வர வேண்டிய இடத்தில் பி இயல்பு தலைகாட்டுகிறது. கர்நாடக இசைப் பழக்கம் உள்ளவர்கள் எஃப்பை ஸட்ஜமாக வைத்துப் பாடிப் பார்த்தால், அது பிரதி மத்யமமாக விழுவதையும், சாதாரண காந்தாரத்திலிருந்து அதற்குப் போகும் அகன்ற இடைவெளிதான் இந்த மெலடிக்குக் கீழ்த்திசைச் சாயலைத் தருகிறது என்பதையும் உடனே உணர்வார்கள். ஆனால் கமகம் போட்டுவிடக் கூடாது. குறுநோட்டு சுருக்கமாகத் தொட்டுவிட்டு மறைய வேண்டும்.

பார்க் கோடு இல்லையே என்று நீங்களே பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளாதீர்கள். கோடு போட்டால் அதன் பிறகு வரும் ஸ்வரம் தானாகவே அழுத்தம் பெற்றுவிடும். சாத்தி நீக்க விரும்பியது அதைத்தான். மாறாக, ஆழ்ந்த பாஸ் ஒலிக்கும் ஒவ்வொரு முறையையும் ஓர் அடியாகக் கொண்டு எண்ணுங்கள். இடது கை ஒரு நடை. வலது கை அதன் மேல் பேசுகிறது. தொடர்கள் பெரும்பாலும் இருமுறை வருகின்றன. இரண்டாம் முறை புதிதாக எதையும் சேர்க்காமல், முதல் முறை சொன்னதை நினைத்துப் பார்ப்பதைப் போலச் சற்று மெல்ல வாசித்தால் போதும்.

வழக்கமாக இசைத்தாளில் ‘உரத்து’, ‘மெல்ல’ என்றெல்லாம் எழுதியிருக்கும். இதில் ‘மிகவும் பளபளப்பாக’, ‘கேள்வி கேளுங்கள்’, ‘எண்ணத்தின் நுனியிலிருந்து’, ‘அடி அடியாக’, ‘நாவின் மேல்’ என்றெல்லாம் எழுதியிருக்கிறது. மூன்றாவது க்னோசியெனில் ‘தலையைத் திறங்கள்’, ‘ஒலியைப் புதையுங்கள்’ என்றும் உண்டு. இவற்றை விளையாட்டு என்று ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். விரலுக்குச் சொல்ல முடியாததை மனத்துக்குச் சொல்லியிருக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ‘கேள்வி கேளுங்கள்’ என்று வரும் தொடரை, அதன் கடைசி ஸ்வரத்தில் எடையை இறக்கி வைக்காமல் வாசித்துப் பாருங்கள். பதில் வராத கேள்வியின் தொனி வந்துவிடும். ‘நாவின் மேல்’ என்ற இடத்தில் ஸ்வரங்களை உச்சரிப்பதைப் போலத் தெளிவாகப் பிரித்து வாசியுங்கள். இந்தச் சொற்களை வாய்விட்டுப் படிப்பதோ அரங்கில் அறிவிப்பதோ தேவையற்றது. அவை வாசிப்பவருக்கு மட்டும் உரியவை.

ஏழாம் படி: ‘சாரபாந்த்’கள்

1887 செப்டம்பரில் எழுதிய மூன்று சாரபாந்த்கள் ஜிம்னோபெதிக்கு முந்தியவை என்றாலும் கற்கும் வரிசையில் கடைசியாக வைக்கிறேன். காரணம், இங்கே மெலடிக்கும் கார்டுக்கும் நடுவே இடைவெளி இல்லை. அடர்ந்த செவன்த், நைன்த் கார்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர, அவற்றின் உச்சி ஸ்வரங்கள் சேர்ந்ததே மெலடி. ஃபிளாட்டுகளும் இரட்டை ஃபிளாட்டுகளும் இசைத்தாளைப் படிப்பதையே வேலையாக்கிவிடும். இவை எழுதப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் அச்சேறாமல் கிடந்தன. 1911 ஜனவரியில் இசையமைப்பாளர் ரவேல் இரண்டாவது சாரபாந்தைப் பாரிஸ் மேடையில் வாசித்த பிறகு, அதே ஆண்டில் மூன்றும் வெளியாயின. தம்மை இளைய இசையமைப்பாளர்கள் முன்னோடியாகக் கருதுகிறார்கள் என்று சாத்திக்குத் தெரியவந்தது அப்போதுதான்.

ஒவ்வொரு கார்டின் மேல் ஸ்வரத்தையும் முதலில் வலது கையின் நான்காம், ஐந்தாம் விரல்களால் மட்டும் வாசியுங்கள். கார்டு முழுவதையும் வாசிக்கும்போது எந்த விரல் அந்த ஸ்வரத்தில் இருக்குமோ அதே விரலால் வாசிப்பது முக்கியம். அந்த ஒற்றை வரி ஓஜீவைப் போலப் பாடத் தொடங்கியதும், கீழே ஒரு ஸ்வரத்தைச் சேருங்கள், மறுநாள் இன்னொன்று. முழுக் கார்டும் வந்து சேரும்போது, மேல் ஸ்வரம் முதல் நாள் ஒலித்ததைப் போலவே ஒலிக்கிறதா என்று பதிவு செய்து கேளுங்கள். ஒலிக்கவில்லை என்றால் கடைசியாகச் சேர்த்த ஸ்வரத்தை எடுத்துவிட்டு மறுபடி வாசியுங்கள்.